எழுத்துகளுக்குள் சொல் தேடிய லூயிஸ் கரோல்



ஆலிஸ் என்னும் சிறுமி வெள்ளை முயலின் பின்னே ஓடி வளைக்குள் விழுந்த கதையை நம்மில் பலர் அறிவோம். அக்கதையைத் தந்த லூயிஸ் கரோல், ஆங்கில எழுத்துகளைக் கலைத்தும் கூட்டியும் சொல் தேடும் விளையாட்டுகள் பலவற்றைப் படைத்தவர் என்பதை நம்மில் சிலரே அறிவோம். பேச எழுந்தால் நாவு தடுமாறும் ஒருவர், சொல்விளையாட்டில் பிறருக்கு வழிகாட்டியானது எங்ஙனம்? அவ்வரலாற்றைச் சற்றே காண்போம்.

இங்கிலாந்து நாட்டின் செஷயர் மாவட்டத்தில், டேர்ஸ்பரி என்னும் சிற்றூரில், 1832 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 27 ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சார்லஸ் லட்விஜ் டாட்சன். தந்தையார் ஆங்கிலிகத் திருச்சபையின் குருவானவர். பிள்ளைகள் பதினொருவர், இவர் மூன்றாமவர், ஆண்மக்களில் மூத்தவர். 1843 இல் குடும்பம் வடக்கே கிராஃப்ட் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே தம்பி தங்கையரை மகிழ்விக்கக் கதையும் கவிதையும் படமும் சேர்த்துக் கையெழுத்து இதழ்களைத் தயாரித்தார். அவற்றுள் ஒன்றின் பெயர் மிஷ்மாஷ். கதம்பம் என்று பொருள் கொள்ளலாம். இப்பெயரை நினைவில் வைத்திருங்கள்.

இளமையிலேயே அவருக்குத் திக்குவாய் இருந்தது. உடன்பிறந்தார் பலருக்கும் அக்குறை உண்டு. 1846 இல் ரக்பி பள்ளியில் சேர்ந்தார். படிப்பில் பரிசுகள் பெற்றாலும், விடுதி வாழ்வு அவருக்கு இன்பம் தரவில்லை. 1851 ஜனவரியில் ஆக்ஸ்ஃபோர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரிக்குச் சென்றார். சென்ற இரண்டே நாளில் அன்னை இறந்த செய்தி வந்தது. துயரைத் தாங்கிக்கொண்டு பயின்று, 1854 இல் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறி, மறு ஆண்டே அக்கல்லூரியின் கணித விரிவுரையாளரானார். 1861 இல் திருத்தொண்டராக அருட்பொழிவு பெற்றார். ஆயினும் குருப்பட்டம் பெறவில்லை. அதற்குத் திக்குவாயும் ஒரு காரணம் என்பர்.

வாய்க்குள் சிக்கிக்கொள்ளும் சொற்கள் தாளின்மேல் அவருக்குத் தோழர்களாயின. 1856 இல் புனைபெயர் வேண்டியிருந்தபோது நான்கு பெயர்களை எழுதி, ஓர் இதழாசிரியரிடம் தேர்வுக்குக் கொடுத்தார். அவற்றுள் இரண்டு, சார்லஸ் லட்விஜ் என்ற தம் பெயரின் எழுத்துகளையே இடம் மாற்றி ஆக்கியவை. இதழாசிரியர் தேர்ந்தெடுத்ததோ வேறொன்று. சார்லஸை இலத்தீனில் கரோலஸ் எனவும், லட்விஜை லுடோவிக்கஸ் எனவும் ஆக்கி, முன்பின்னாகத் திருப்பி, மறுபடி ஆங்கிலமாக்கினால் லூயிஸ் கரோல்!

1862 ஜூலை 4 ஆம் நாள், கல்லூரித் தலைவரின் புதல்வியர் மூவருடன் படகில் சென்றபோது அவர் சொன்ன கதையே, 1865 இல் ஆலிஸின் அற்புத உலகக் கதையாக அச்சேறியது. அதன் புகழை நாம் அறிவோம். நாம் இங்குக் காண விரும்புவது பின்னர் நடந்தது.

1877 கிறிஸ்துமஸ் காலத்தில், பொழுது போகவில்லை என்று குறைப்பட்ட இரு சிறுமியருக்காகப் புதிர் ஒன்றை உருவாக்கினார். ஒரு சொல்லை, ஒவ்வொரு முறையும் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, இன்னொரு சொல்லாக்க வேண்டும். இடையில் வருவன யாவும் உண்மைச் சொற்களாக இருத்தல் வேண்டும். தலை எனப் பொருள்படும் ஹெட், ஐந்தே மாற்றத்தில் வால் எனப் பொருள்படும் டெயில் ஆகிவிடும். ஹெட், ஹீல், டீல், டெல், டால், டெயில் என்பது அந்த வரிசை. காகிதத்தில் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். இப்புதிர் 1879 இல் வேனிட்டி ஃபேர் இதழில் வெளிவந்து, அவ்வாண்டே நூலாகவும் மலர்ந்தது.

1881 ஜூனில், இளம் பெண்கள் படித்த மந்த்லி பாக்கெட் என்னும் இதழில் மற்றொரு விளையாட்டை வெளியிட்டார். அதற்கு அவர் வைத்த பெயர்தான், தம் இளமைக்கால இதழின் பெயரான மிஷ்மாஷ்! ஒருவர் சில எழுத்துகளைத் தருவார். அவை அதே வரிசையில் அடுத்தடுத்து வரும் ஆங்கிலச் சொல்லை மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாரும் அறிந்த சொல்லாக இருத்தல் வேண்டும். ஆள் பெயர், ஊர்ப் பெயர் கூடாது. ஜி, பி என்ற இரண்டைத் தந்தால் மேக்பை என்னும் பறவை விடை. இ, எம், ஓ என்றால் லெமன், அதாவது எலுமிச்சை.

நாமும் ஒன்று முயல்வோம். என், டி, கே என்ற மூன்றும் சேர்ந்து வரும் சொல் எது? முதலில் அப்படி ஒன்று இராது என்றே தோன்றும். ஆனால் நீண்ட சொற்கள் பல, இரு சொற்கள் இணைந்தவை. டி-யில் முடியும் ஒரு சொல்லும், கே-யில் தொடங்கும் மற்றொன்றும் கூடினால்? ஹேண்ட் என்பதும் கர்சீஃப் என்பதும் கூடி, நம் கைக்குட்டையே விடையாக வந்துவிடுகிறது! கடினமான எழுத்துக் கூட்டம், சொல்லின் மூட்டில் ஒளிந்திருக்கும். மேக்பையின் ஜி-யும் பி-யும் அவ்வாறு நிற்பவையே.

1881 இல் விரிவுரையாளர் பதவியைத் துறந்த பின்னரும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்குச் சென்று, மாணவியருக்குத் தர்க்கவியலையும் விளையாட்டாகவே கற்பித்தார். 1898 ஜனவரி 14 ஆம் நாள், கில்ட்ஃபோர்டில் தம் சகோதரியர் வாழ்ந்த இல்லத்தில் அறுபத்தைந்தாம் வயதில் மறைந்தார்.

தோழியரே, அவருடைய திக்குவாய் இறுதிவரை முற்றிலும் நீங்கவில்லை. எனினும் சொல்லோடு அவர் பகை கொள்ளவில்லை. சொல்லைத் தேடிக் காத்திருப்பதையே பிறருக்கு இன்பமாக்கித் தந்தார். நமக்கும் இதில் பாடம் உண்டு. மூன்று எழுத்துகளை வைத்துக்கொண்டு ஒரு சொல்லுக்காக அரைமணி நேரம் மகிழ்ச்சியோடு காத்திருக்க நம்மால் முடியும். அப்படியானால், வகுப்பில் எழுந்து நின்று சொல் வராமல் தவிக்கும் தோழிக்காக அரை நிமிடம் காத்திருக்க முடியாதா? சிரிக்காமலும், அவள் சொல்லை நாம் முந்திப் பறித்து முடிக்காமலும் பொறுத்திருப்போம். அவளுக்குள் எந்த ஆலிஸ் கதை உறங்குகிறதோ, யார் அறிவார்!