கணித மேதையின் வியாதிப் படுக்கை



நமது மாத்தூரிலிருந்து பட்டணம் போகிறவர்களுக்குத் தண்டையார்பேட்டை தொற்றுநோய் ஆஸ்பத்திரி தெரியாததல்ல. நம்மவரில் ஒருவர் அத்தகைய ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், ஜுரம் தணிந்ததா, ஆகாரம் இறங்குகிறதா என்று விசாரிக்கிறோம். அவர் மனது எப்படியிருக்கிறதென்று விசாரிப்பவர் சிலரே. சீனிவாச இராமானுஜனுடைய சரித்திரத்தில் பலர் அறியாத ஒரு பகுதியை இதற்காகவே சொல்லுகிறேன். அவர் வைஷ்ணவ குலத்தவர். நம் வேதத்தைச் சேர்ந்தவரல்ல. வியாதிப் படுக்கைக்கு அந்த பேதம் ஏது?

1887-ம் ஆண்டு ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். 1912-ல் நமது சென்னைத் துறைமுக ஆபீசில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் கணக்கு குமாஸ்தாவானார். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தின் பயனாக 1914 மார்ச்சில் கப்பலேறினார். சில மாதங்களில் மகா யுத்தம் மூண்டது.

1917-ல் நோயில் விழுந்தார். க்ஷயரோகம் என்று வைத்தியர்கள் கருதினர். அந்நோய்க்கு அப்போது மருந்தில்லை. ஓய்வு, நல்ல ஆகாரம், இரவும் பகலும் திறந்த ஜன்னல், இவைதாம் சிகிச்சை. மெண்டிப் மலையிலிருந்த சானடோரியத்தில் கொஞ்ச காலம் இருந்தார். அதை நடத்தியவர் ஒரு தமிழர், டாக்டர் டேவிட் சவரிமுத்து. 1928-ல் தாம்பரம் சானடோரியத்தை நிறுவியவரும் அவரே. பிறகு மாட்லாக் என்னும் ஊருக்கு மாற்றப்பட்டார்.

திறந்த ஜன்னல் வெள்ளைக்காரருக்கு வைத்தியமாயிருக்கலாம். காவேரிக்கரை வெயிலில் வளர்ந்தவருக்கு அது தண்டனை. தம் அறையில் ஒருநாளும் நெருப்பு மூட்டவில்லை என்றும், குளிரில் நடுங்கிச் சில வேளை சாப்பிடவும் முடியவில்லை என்றும் ஹார்டிக்கு எழுதினார். குளியலறை மட்டும் வெதுவெதுப்பாயிருந்தபடியால், பேனாவும் காகிதமுமாக அங்கே போய்க் கணக்குப் போட உத்தேசித்தார்! மாமிசம் தொடாதவர், சாம்பாருக்கும் ரசத்துக்கும் எங்கே போவார்? ஊர் திரும்பவோ, யுத்தத்தால் கடல்வழி ஆபத்தாயிருந்தது. வீட்டிலிருந்து கடிதமும் அருகிப் போயிற்று. தாம் எழுதிய கடிதங்கள் மாமியார் கையில் தடைபட்டதாக மனைவி ஜானகி அம்மாள் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். மாமியார் மருமகள் பிணக்கு எந்த வீட்டில் இல்லை? ஆனால் ஆறாயிரம் மைலுக்கப்பால் தபாலை எதிர்பார்த்துப் படுத்திருந்தவருக்கு, தம்மை எல்லோரும் மறந்துவிட்டதாகத்தானே தோன்றும்?

1918-ன் தொடக்கத்தில், லண்டன் ரயில் நிலையமொன்றில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்தார். காவலர் ஒருவர் கண்டு வண்டியை நிறுத்தியதால் பிழைத்தார். அக்காலத்தில் அந்நாட்டில் அது குற்றம். போலீசார் பிடித்துப் போனார்கள். ஹார்டி விரைந்து வந்து, இவர் ராயல் சொசைட்டி அங்கத்தினர் என்று சொல்லி மீட்டார். அந்தப் பட்டம் அப்போது இன்னும் கிடைக்கவில்லை. அந்தப் பொய்யை ஹார்டியின் கணக்கிலேயே விட்டுவிடுவோம்.

அவ்வாண்டு மே மாதம் அந்தப் பட்டம் மெய்யாகவே வந்தது. அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் பெல்லோ பதவியும் வந்தது. உடல் தேறவில்லை, மனமோ தேறிற்று, மறுபடி கணக்கில் இறங்கினார். பட்னியில் படுத்திருந்தபோது ஹார்டி பார்க்கப் போய், தாம் வந்த வாடகைக் காரின் எண் 1729, சுவாரசியமற்ற எண் என்றாராம். இரண்டு கன எண்களின் கூட்டாக இரு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுவே என்று நோயாளி உடனே பதிலளித்தார். மருந்தோடு ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் கவனியுங்கள்: ஹார்டி அவரிடம் பேசியது நோயைப் பற்றியல்ல.

1919 மார்ச்சில் தாய்நாடு திரும்பினார். ஜானகியை உடன் அழைத்துப் போயிருந்தால் நோயில் விழுந்திருக்கமாட்டேன் என்பாராம். 1920 ஏப்ரல் 26-ந் தேதி, சேத்துப்பட்டில், 32-ம் வயதில் காலமானார். அவருக்கு இருந்தது க்ஷயமல்ல, அமீபா கிருமியால் வந்த ஈரல் நோயாயிருக்கலாம் என்று 1994-ல் ஒரு வைத்தியர் ஆராய்ந்து எழுதினார். அது மெய்யானால், அந்தக் குளிரறைகள் அவருக்குத் தேவையே இருந்ததில்லை.

கடைசி மாதங்களில் ஜானகி அம்மாள் அருகிலேயே இருந்து, வலி கண்ட இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து வந்தார். எலும்பும் தோலுமாய்க் கிடந்த அவர், இறப்பதற்கு நான்கு நாள் முன்வரை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.