இராஜாஜியும் புதுப்பாளையமும்

நீர் தான் நின்ற மண்ணின் சுவையைப் பெறுகின்றது. மனித மனமும் அத்தகையதே. வாழும் இடமும், உடன் வாழ்வாரும், நாள்தோறும் காணும் காட்சியும் மனத்தைத் தம் வண்ணமாக்கி விடுகின்றன. ஆதலின், மனத்தைச் செம்மை செய்ய விரும்புவோர் தாம் வாழும் இடத்தையும் செம்மை செய்தல் வேண்டும். இவ்வுண்மையைத் தம் வாழ்வாலும் ஆட்சியாலும் விளக்கிய பெருமகனார் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார். மக்கள் அவரை இராஜாஜி என அன்புடன் அழைத்தனர்.

ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் அவர் பிறந்தார். அவ்வூர் அந்நாளில் சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. ஒசூரிலும் பெங்களூரிலும் சென்னையிலும் கல்வி பயின்று, 1900-இல் சேலம் நகரில் வழக்கறிஞரானார். புகழும் பொருளும் விரைவில் வந்து சேர்ந்தன. ஆனால், நாற்பது வயது நிரம்பு முன்னரே அவர் தம் மனைவியாரை இழந்தார். மக்கள் ஐவரையும் தாயும் தந்தையுமாய் நின்று பேணினார், மறுமணம் செய்துகொள்ளவில்லை. வீட்டின் துயரம் பொதுப்பணியை விழுங்க அவர் இடங்கொடுக்கவில்லை. 1917 முதல் 1919 வரை சேலம் நகராண்மைக் கழகத் தலைவராக இருந்து ஊர்நலம் பேணினார். தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஒருவர் அக்கழகத்தில் முதன்முறையாக உறுப்பினராவதற்கும் அவரே காரணமாக இருந்தார்.

பின்னர்க் காந்தியடிகளின் வழி நின்று, வருவாய் மிக்க தொழிலைத் துறந்தார். 1921 டிசம்பர் முதல் 1922 மார்ச்சு வரை வேலூர்ச் சிறையில் இருந்தார். ஈளை நோய் அவரை வருத்தியது. எனினும் மனம் தளராது, அங்கே நாட்குறிப்பு எழுதி வந்தார்.

1925-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள், திருச்செங்கோட்டுக்கு அண்மையிலுள்ள புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். சோலையும் அருவியும் அங்கு இல்லை. கம்பும் சோளமும் விளையும் மானாவாரி நிலம். ஆங்காங்கே பனையும் வேம்பும். தொலைவில் திருச்செங்கோட்டு மலை. நகர வாழ்வில் பழகியவர் அங்கே ஒரு சிறு குடிசையில் குடிபுகுந்தார். எல்லாச் சாதியினரும் ஒன்றாக உண்டு உறைந்தமையால், அண்டை ஊரார் தொடக்கத்தில் ஆசிரமத்தை வெறுத்தனர். மழை பொய்த்து உழவு நின்ற காலத்தில், அதே ஊர்ப் பெண்களுக்கு ஆசிரமம் பஞ்சளித்து, நூற்ற நூலுக்குக் கூலியும் அளித்தது. வெறுப்பு மெல்ல மறைந்தது. மரஞ்செடிகளின் வாழ்வில் ஆர்வமுடைய இராஜாஜி, ‘தாவரங்களின் இல்லறம்’ என்னும் அறிவியல் நூலையும் இயற்றினார்.

1927-இல் காந்தியடிகள் நோயுற்றபோது, மைசூர்நாட்டு நந்திமலையில் தங்கி இளைப்பாறினார். இராஜாஜி உடனிருந்து உதவினார். நோயுற்ற ஒருவர்க்கு மலைக்காற்று மருந்தாயிற்று. நாள் முழுதும் வெயிலில் உழைத்துக் களைத்த ஏழைக்கோ அவ்வாய்ப்பு இல்லை. அவன் வீடு திரும்பும் வழியில் கள்ளுக்கடை ஒன்றே திறந்திருந்தது. கவலையை மறக்க அங்கே நுழைந்தான், கூலியை இழந்தான், வீட்டில் மனைவியும் மக்களும் பசித்திருந்தனர். கவலை முன்னினும் பெருகியது. கடை எதிரே நிற்கும்வரை அறிவுரை மட்டும் பயன் தராது என்று இராஜாஜி உணர்ந்தார். மதுவின் தீமையை விளக்க, 1929-இல் ‘விமோசனம்’ என்னும் இதழை ஆசிரமத்திலிருந்து வெளியிட்டார். எழுத்தாளர் கல்கி அதற்குத் துணைபுரிந்தார்.

1937-இல் இராஜாஜி சென்னை மாகாண முதலமைச்சரானார். அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள், முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. கடையை மூடியதோடு அமையாமல், மாலை நேரத்தை நிரப்ப விளையாட்டும் பஜனையும் நாடகமும் ஊர்தோறும் ஊக்குவிக்கப்பட்டன. கள் தந்த பனை பதநீரும் வெல்லமும் தரலாயிற்று. மரம் ஒன்றே, பயன்படுத்தும் முறையே வேறு. அரசு இழந்த வருவாயை ஈடுசெய்ய, 1939-இல் விற்பனை வரி விதிக்கப்பட்டது.

உலகப்போர்க் காலத்தில் மதுவிலக்கு நிறுத்தப்பட்டது. 1948-இல் மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. கள்ளச்சாராயம் முற்றும் ஒழியவில்லை என்பதும் உண்மையே. 1971-இல் அது தமிழ்நாட்டில் தளர்த்தப்பட இருந்தபோது, தொண்ணூற்றிரண்டு வயதான இராஜாஜி அன்றைய முதலமைச்சரை நேரிற் சென்று கண்டு, அவ்வாறு செய்ய வேண்டா என வேண்டினார். வேண்டுகோள் நிறைவேறவில்லை. விடுதலை இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக விளங்கி, 1954-இல் பாரத ரத்னா விருதும் பெற்ற அவர், தமக்கென எதையும் கேட்கவில்லை. ஏழையின் வீட்டு அமைதிக்காகவே கேட்டார். 1972 டிசம்பர் 25-ஆம் நாள் அவர் மறைந்தார்.

துயரமும் சினமும் சோர்வும் எவர்க்கும் வரும். அவ்வேளையில் நம் கால் எத்திசையில் செல்கின்றதோ, அதுவே நம் வாழ்வை வகுக்கும். நல்ல இடத்தை நாடிச் செல்லுதல் அறிவு. அத்தகைய இடத்தைப் பிறர்க்கும் ஆக்கித் தருதல் அறம்.