ஸரளாதேவியின் சிலம்பக்கூடம்

வங்க நாட்டு மாதரசியான ஸ்ரீமதி ஸரளாதேவி சௌதுராணியின் பெயரைக் கேட்டதும் பலருக்குக் கதரும் பெண்கல்வியுமே நினைவுக்கு வரும். நாம் இன்று நேயர்களுக்கு நினைவூட்ட விரும்புவது வேறொரு ஸரளாதேவியை. கல்கத்தாவில், தம் சொந்த வீட்டில், வாலிபர்களைத் திரட்டி ஆசான் ஒருவரைச் சம்பளத்திற்கு அமர்த்திக் கழியும் வாளும் பழக்குவித்த அம்மையாரையே கருதுகிறோம்.

மகரிஷி தேவேந்திரநாத தாகூரின் மகள் வயிற்றுப் பேத்தியாக 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் பிறந்தவர் அவர். தாயார் நாவலாசிரியை ஸ்வர்ணகுமாரி தேவி. தந்தையார் காங்கிரஸின் ஆரம்பகால ஊழியர் ஜானகிநாத கோஷால். தாய்மாமன் கவி ரவீந்திரநாதர். 1890-ல் பி.ஏ. தேறினார். சம்பாதிக்கவேண்டிய அவசியம் சிறிதும் இல்லாத குடும்பத்தில் பிறந்தும், தம் காலில் நிற்கவேண்டுமென்ற ஆசையால் மைசூர் வந்து மகாராணி பெண்கள் பாடசாலையில் சில காலம் ஆசிரியையாக இருந்தார். அங்கே கேட்ட மெட்டுக்களை மாமனிடம் கொண்டு சேர்த்தார் என்பதும், ரவீந்திரநாதர் அவற்றிற்கு வங்கச் சாகித்தியம் அமைத்தார் என்பதும் நம்மவர் பெருமைப்படத்தக்க சேதி.

ஊர் திரும்பி 'பாரதி' என்னும் மாதப் பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். அக்காலத்து நிலைமையை இன்றைய வாலிபர்கள் அறியார். ரயிலிலும் வீதியிலும் வெள்ளைச் சிப்பாய் ஒருவன் இந்தியனை உதைத்தால், உதைபட்டவன் செய்யக்கூடியது கோர்ட்டுப் படியேறி முறையிடுவதுதான். உதைபட்டவன் செத்தே போனாலும், குளிர்ஜ்வரத்தால் வீங்கியிருந்த மண்ணீரல் வெடித்து இறந்தான் என்று வைத்திய சாட்சியம் கூறப்படும். எதிரி சொற்ப அபராதத்தோடோ அதுவுமின்றியோ வீடு திரும்புவான். வங்காளிகள் போர்க்குலத்தாரல்லர் என்று சொல்லிச் சர்க்கார் அவர்களைப் பட்டாளத்திலும் சேர்ப்பதில்லை. கோழைகள் என்ற பட்டத்தை அந்நியர் சூட்டியது போதாதென்று, வங்காளிகளே அதை நம்பத் தொடங்கியிருந்தனர். இதுதான் ஸரளாதேவியின் நெஞ்சை அறுத்தது. அடி வாங்கிய கதைகளை அவர் அச்சிட விரும்பவில்லை. திருப்பி அடித்தவர்கள் இருந்தால் அவர்கள் வரலாற்றை எழுதியனுப்பும்படி வாசகர்களைக் கேட்டார். வந்தவற்றைப் 'பாரதி'யில் பிரசுரித்தார். படித்த வாலிபர்கள் பலர் அவரைத் தேடி வரலாயினர்.

வந்தவர்களுக்கு எதைக் கற்பிப்பது? தண்டாலும் மல்யுத்தமும் தேசத்தில் இல்லாமலில்லை. அவற்றையும் அவர் தள்ளிவிடவில்லை. ஆயினும் உடலைப் பருக்கச்செய்வது மட்டும் நோக்கமானால் பயம் போய்விடாதென்பதை அவர் கண்டுகொண்டார் என்றே நாம் எண்ணுகிறோம். பயில்வான்களிலும் போலீஸ்காரனைக் கண்டு ஒளிபவர் உண்டு. கையில் ஆயுதம் ஏந்தி, எதிரே ஆயுதம் ஏந்தியவன் வீசும் வீச்சைக் கண் இமையாமல் பார்த்துத் தடுத்துப் பழகியவனுக்கே தூரமும் காலமும் பிடிபடும். தனியொருவன் இருவர் மூவரிடையே அகப்பட்டாலும் நிலை கலங்கான். ஆனால் லிட்டன் பிரபு 1878-ல் பிறப்பித்த ஆயுதச் சட்டம் துப்பாக்கியையும் வாளையும் லைசென்ஸ் இன்றி வைத்திருப்பதைக் குற்றமாக்கியிருந்தது. மூங்கிற் கழிக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. நம் பக்கத்துச் சிலம்பத்தைப் போன்ற கழியாட்டம் வங்கத்தில் பழமையானது. ஜமீன்தார்களின் அடியாட்கள் கையில் அது பிழைத்திருந்தது. கண்ணியமான குடும்பத்தார் அதைத் தொடுவதை இழிவென்று நினைத்தனர். அந்த இழிவெண்ணத்தைத்தான் அம்மையார் முதலில் உடைத்தார். முர்தஸா என்னும் முஸ்லிம் ஆசானைத் தருவித்து, பாலிகஞ்சிலிருந்த தம் இல்லத்திலேயே கழியும் வாள்வீச்சும் கற்பிக்கச் செய்தார். தாகூர் வம்சத்துப் பெண்மணியின் வீட்டிலேயே நடக்கும் காரியத்தை இழிவென்று சொல்ல யாருக்கு வாய் வரும்? கல்கத்தாவின் பல பேட்டைகளில் இதுபோன்ற கூடங்கள் தோன்றின.

1903-ல் பிரதாபாதித்தியன் உற்சவம் நடந்தது. மொகலாயருக்கு அடங்காது நின்ற ஜெஸ்ஸூர் ஜமீன்தார் அவன். மேடைப் பிரசங்கமே பிரதானமாயிருந்த அந்நாளில், அவன் சரித்திரத்தைக் கூறும் கட்டுரை ஒன்றைத் தவிர வேறு பேச்சு கூடாதென்று அம்மையார் நிபந்தனை விதித்தார். மீதிப் பொழுது கழி, வாள், மல்யுத்தம், குத்துச்சண்டை ஆகியவற்றிற்கே. சிறிய தகப்பனைக் கொன்றவனுக்கு விழாவா என்று ரவீந்திரநாதர் வருந்தினார். அவனை ஒழுக்கத்திற்கு உதாரணமாகக் காட்டவில்லை, அஞ்சாமைக்கே காட்டினேன் என்பது மருமகளின் சமாதானம். இவ்விஷயத்தில் கவியின் மனக்குறையை அற்பமென்று நாம் தள்ளமாட்டோம். துர்க்கா பூஜை அஷ்டமியன்று வீராஷ்டமி என்ற விழாவையும் நடத்தினார். வாலிபர்கள் வாளைச் சூழ்ந்து நின்று முன்னோரான வீரர் ஒவ்வொருவர் பெயருக்கும் மலர் தூவினர்.

ஆயுதப் பயிற்சி அளிப்பவர் எல்லோரையும் ஒரு நாள் எதிர்ப்படும் கேள்வி அவரையும் எதிர்ப்பட்டது. 1902-ல் பரோடாவிலிருந்து யதீந்திரநாத பந்தோபாத்தியாயர் வந்து இரகசியச் சங்கம் அமைக்க முயன்றார். பணத்திற்காகக் கொள்ளையடிக்கலாமென்ற யோசனை அக்கூட்டத்தில் எழுந்தது. தற்காப்புக்கென்று பழக்கிய கை, நம்மவர் வீட்டுப் பெட்டியை உடைப்பதா? அம்மையார் உடன்படவில்லை. திலகர் பெருமானின் சம்மதம் இருப்பதாகச் சொல்லப்பட்டதை வெறும் வார்த்தையில் நம்பாமல், தாமே பூனாவுக்குப் போய்த் திலகரைக் கண்டு கேட்டார். கொள்ளையைத் தாம் ஆமோதிக்கவில்லை என்று அவர் தெரிவித்தார். இது அம்மையாரே தம் சரித்திரத்தில் எழுதிவைத்திருப்பது. ஆனால் விதைத்தவர் விரும்பியபடியே விளைச்சல் அமைவதில்லை. அதே முர்தஸாவிடம் கழி பயின்ற புலின் பிஹாரி தாஸ், டாக்கா அனுசீலன் சமிதியை வளர்த்து, பின்னர் அந்தமானுக்கு அனுப்பப்பட்டார். அச்சமிதியார் கொள்ளைகளில் இறங்கியதும் தெரிந்ததே.

1905-ல் லாகூர் வக்கீல் ராம்பஜ் தத் சௌதுரியை மணந்து அம்மையார் பஞ்சாபுக்குச் சென்றார். 1910-ல் பாரத ஸ்திரீ மகாமண்டலத்தை ஸ்தாபித்தார். 1919-ல் ராணுவச் சட்டத்தின்கீழ்க் கணவர் சிறைப்பட்டிருந்தபோது காந்தியடிகள் அவர் வீட்டில் தங்கினார். வாள் பழக்கிய அம்மையார் முரட்டுக் கதர் உடுத்து ஊரூராய்க் கதர்ப் பிரசாரம் செய்தார். 1923-ல் விதவையானார். 1930-ல் கல்கத்தாவில் பெண்கள் பள்ளியொன்றை நிறுவினார். 1945 ஆகஸ்டு 18-ஆம் நாள் காலமானார்.

வாழ்வின் கடைசி ஆண்டுகளில் அவர் எழுதிய சுயசரிதையின் பெயர் 'ஜீவனேர் ஜராபாதா'. வாழ்க்கையின் உதிர்ந்த இலைகள் என்று பொருள். அது விவாகத்தோடு நின்றுவிடுகிறது. காந்தியடிகளோடு பழகிய நாட்களுக்கு அதில் இடமில்லை; பாலிகஞ்சு வீட்டுக் கழிகளுக்கும் வாள்களுக்கும் இடம் உண்டு.