வத்திராயிருப்பு தந்த விஞ்ஞானி கே.எஸ். கிருஷ்ணன்



நம்ம பாட்டன்மார் பலர் ரஜூலா கப்பலேறி ஜார்ஜ்டவுன் துறையிலே வந்து இறங்கியவர்கள். அவர்களில் பழைய இராமநாதபுரம் சீமைக்காரர்களும் உண்டு. அந்தச் சீமையில், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் வத்திராயிருப்பு என்று ஓர் ஊர். 1898 டிசம்பர் 4ஆம் நாள் அங்கே பிறந்தவர்தான் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன்.

மதுரையிலும் சென்னையிலும் படித்துவிட்டு, 1923இல் கல்கத்தா போய் சி.வி. இராமனிடம் சேர்ந்தார். 1928இல் இராமன் விளைவைக் கண்டுபிடித்தபோது கூடவே இருந்து சோதனைகளைச் செய்தவர் இவர். 1930இல் நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே கிடைத்தது. அது சரியா என்று இன்றும் பலர் வாதாடுகிறார்கள். கிருஷ்ணனோ அதற்குள் டாக்கா பல்கலைக்கழகம் போய்ப் படிகங்களின் காந்தக் குணத்தை அளந்துகொண்டிருந்தார்.

எனக்கென்னவோ, பிற்காலத்தில் அலகாபாத்தில் அவர் செய்த வேலைதான் பெரிதாகப் படுகிறது. பிள்ளைகளே, கேளுங்கள். முன்பெல்லாம் தோட்டத்தில் பிரட்டுக்குத் தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு அடிப்பார்கள். ணங்கென்று இரும்பு முழுக்க அதிரும். ஓர் அணு ஆடினால் பக்கத்து அணுவும் ஆடும். அதுதான் ஒலி அலை. அடிக்காவிட்டாலும் உலோகம் சும்மா இருப்பதில்லை. சூட்டினால் அணுக்கள் ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும், நம்ம காதுக்குத்தான் எட்டாது. கம்பிக்குள் மின்சாரத்தைச் சுமந்து ஓடும் எலெக்ட்ரான்களை இந்த அலைகள் சிதறடிக்கின்றன. பாடத்தில் மின்தடை என்று படிக்கிறீர்களே, அதில் பெரும்பங்கு இதுதான். குண்டு பல்பு எரியும்போது, அதன் டங்ஸ்டன் இழையின் தடை குளிர்ந்திருந்ததைவிடப் பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும்.

சரி, உலோகமே உருகிவிட்டால்? அணுக்களின் வரிசை குலைந்துவிடும். ஒவ்வோர் அணுவும் தனித்தனியே எலெக்ட்ரானைச் சிதறடிப்பதாகக் கணக்குப் போட்டால் தடை மிக அதிகமாக வருகிறது. உண்மையில் அவ்வளவு இல்லை. ஏன்? எலெக்ட்ரானுக்கு அலையின் குணமும் உண்டு அல்லவா, கிருஷ்ணன் அதைப் பிடித்துக்கொண்டார். தெளிந்த தண்ணீருக்குள் விளக்கொளி நேராகப் போகிறது பாருங்கள். நெருங்கிக் கிடக்கும் மூலக்கூறுகளில் ஒன்று சிதறடித்த அலையை மற்றவை சிதறடித்த அலைகள் பெரும்பாலும் அழித்துவிடுகின்றன. உருகிய உலோகத்துக்கும் அதே கணக்கைப் போட்டார். அணுக்களை ஒட்டுமொத்தமாக எடுத்துக்கொண்டபோது விடை சரிப்பட்டு வந்தது. ஏ.பி. பாட்டியாவுடன் சேர்ந்து 1945இல் அதை வெளியிட்டார்.

1947இல் டில்லி தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். 1961 ஜூன் 14இல் காலமானார். உருகிய உலோகத்தின் தடையைப் பற்றி இங்கிலாந்தின் ஜைமன் எழுதிப் பேர்பெற்ற கட்டுரை வந்ததும் அதே ஆண்டில்தான். அந்த வழியில் வத்திராயிருப்புக்காரர் 16 ஆண்டுகளுக்கு முன்பே நடந்து போயிருந்தார்.