கோ. வெங்கடசாமி

கோவிந்தப்பா வெங்கடசாமி (அக்டோபர் 1, 1918 - ஜூலை 7, 2006) மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய கண் மருத்துவர் ஆவார். எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலும் பயின்று, இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

முடக்கு வாதம்

கடுமையான முடக்கு வாதத்தால் 1948 ஆம் ஆண்டு இராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். காயத்தாலோ கிருமியாலோ தோன்றும் குறுகிய காலக் கடும் அழற்சி உடலைக் காப்பதற்கானது. சிவந்து வீங்கி, காரணம் நீங்கியதும் பெரும்பாலும் தணிந்துவிடும். முடக்கு வாதத்திலோ நோய் எதிர்ப்பாற்றல் உடலின் சொந்த மூட்டுகளின் உட்சவ்வையே தாக்குகிறது. அழற்சி நாட்பட நீடித்துக் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. அரிக்கப்பட்ட மூட்டு, வீக்கம் வடிந்த பின்னரும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. வெங்கடசாமியின் விரல்களும் நிரந்தரமாகக் கோணின. நெடுநாள் படுக்கையில் கிடந்தவர், மகப்பேறு மருத்துவராகும் எண்ணத்தைக் கைவிட்டுக் கண் மருத்துவம் பயின்றார். அக்கோணிய விரல்களையே அறுவைக் கத்தி பிடிக்கப் பழக்கினார். சிறு பிசகும் பார்வையைப் பறிக்கக்கூடிய கண்புரை அறுவையில் இது எளிய செயலன்று.

கண் மருத்துவப் பணி

1956 ஆம் ஆண்டு மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவரானார். சுற்றுப்புற ஊர்களில் கண் முகாம்கள் நடத்தினார். 1973 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பணி ஓய்வுக்குப் பின், 1976 இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். வாழ்நாளில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார்.