இவான் ராபர்ட்ஸ்: எழுப்புதலுக்குப் பின்பு

வேல்ஸ் தேசத்து எழுப்புதலைப் பற்றி நானும் எத்தனையோ தரம் பிரசங்கித்திருக்கிறேன். ஆனா நம்மில் அநேகர் 1904-லேயே கதையை நிறுத்திவிடுகிறோம். அதற்குப் பிறகும் 46 வருஷம் இவான் ராபர்ட்ஸ் உயிரோடிருந்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் 1878-ல் தெற்கு வேல்ஸிலுள்ள லகர் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் விபத்தில் காயப்பட்டதால், சிறுவனாயிருக்கும்போதே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கினார். பிறகு கொல்லுப்பட்டறையில் தொழில் பழகினார். பத்து வருஷத்துக்கு மேலாக எழுப்புதலுக்காக ஜெபித்து வந்தார். 1904 அக்டோபர் 31-ந் தேதி தன் சொந்த மோரியா சபையில், ஜெபக்கூட்டம் முடிந்த பின்பு அவரோடு தங்கினவர்கள் 17 பேர்தான்.

கொஞ்ச நாளில் கேலரி நிரம்பிற்று. அந்த நாட்டுச் சபைக் கட்டடங்களைப் படத்தில் பாருங்க. பிரசங்க பீடத்துக்கு எதிரிலும் இரண்டு பக்கத்திலும், தூண்களின்மேல் மரத்தாலான மாடி இருக்கும். அதுதான் கேலரி. மைக் இல்லாத காலம். மேலே இருக்கிறவனுக்கும் போதகர் முகம் தெரியணும், சத்தம் கேட்கணும் என்று கட்டினது. ராபர்ட்ஸ் கூட்டங்களிலோ எல்லாம் தலைகீழ். அவர் பேசாமலே உட்கார்ந்திருப்பார். கேலரியிலிருந்து ஒரு சகோதரி கண்ணீரோடு ஜெபிப்பாள், கீழே சுரங்கத் தொழிலாளிகள் பாட்டை எடுப்பார்கள், நடுராத்திரியும் தாண்டிவிடும். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் மனந்திரும்பினார்கள் என்று சொல்லப்படுகிறது. சுரங்கக் குதிரைகளின் கதையை நீங்களே சொல்லிவிடுவீர்கள், அதை விடுகிறேன். 1905-ல் அந்த அனல் இன்றைய மேகாலயாவின் காசி மலைகளுக்கும் வந்தது.

ஆனால் சரீரம் மண்பாண்டம்தானே! ஓய்வில்லாத ஓட்டம். 1905 பிப்ரவரியில் நீத் என்ற ஊரில் ஏழு நாள் ஒருவரோடும் பேசாமல் அறைக்குள் இருந்தார். 1906-ல் முற்றிலும் உடைந்துபோய், இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பென் லூயிஸ் தம்பதியார் வீட்டில் அடைக்கலமானார். அப்போது வயது 28-க்குள்தான்.

அவர் விழுந்துபோனார் என்று சிலர் சொல்லுகிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். சூரைச்செடியின்கீழ் சாகக் கேட்ட எலியாவுக்கு, தூதன் முதலாவது கொடுத்தது அடையும் தண்ணீரும் அல்லவா? தூங்காமல் ஓடுகிற ஊழியரைப் பார்த்து நாமோ கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

கூட்டங்களை முன்போல் நடத்த அவர் திரும்பவில்லை. ஜெபமே அவருடைய ஊழியமாயிற்று. கடைசி வருஷங்களைக் கார்டிஃப் நகரில், அதிகம் பேர் அறியாமல் கழித்தார். 1951 ஜனவரி 29-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மோரியா சபையின் பின்புறம், குடும்பக் கல்லறையில் அடக்கம் பண்ணினார்கள்.