அச்சுக்கோத்த கை

நம் திருத்தணி தமிழ்நாட்டில் இருப்பதற்கு உழைத்தோருள் முன்நின்றவர் சிலம்புச் செல்வர் ம.பொ.சிவஞானம். 1906-இல் சென்னையில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த அன்னார், மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். வரதராஜுலு நாயுடுவின் 'தமிழ்நாடு' இதழில் அச்சுக்கோப்பவராக வேலை செய்தார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி அடுக்கும் வேலை அது. பிறர் எழுதியதை ஓர் எழுத்தும் விடாமல் படித்தாக வேண்டும். பள்ளி தராத தமிழை அங்கேதான் பெற்றார் போலும்!

1942-இல் சிறை சென்று உடல் நலிந்தார், சிலப்பதிகாரமே துணையாயிற்று. பின்னர் 'செங்கோல்' இதழுக்கு ஆசிரியரானார். மங்கலங்கிழார் முதலியோருடன் வடக்கெல்லைக்காகப் போராடினார். படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணி நம்மோடு சேர்ந்தது. அவர் கேட்ட திருப்பதி வரவில்லை. 1995-இல் மறைந்தார்.